கோயில் மஞ்சள் ஏன் நீலமானது? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பலவும் ஒரே தலைவலியைப் பற்றியவை. யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த பட்டன், மெனு, நாட்காட்டி எல்லாவற்றையும் (ஒவ்வொன்றும் ஒரு கூறு, அவற்றின் தொகுப்பு நூலகம்) எடுத்து நம் தளத்தில் போடுகிறோம், நிறத்தையும் அளவையும் நம் இஷ்டத்துக்கு மாற்றுகிறோம், அழகாகத்தான் இருக்கிறது, அப்புறம் ஒருநாள் புதுப் பதிப்பு வருகிறது, ஏற்றியதும் எல்லாம் கலைந்துபோகிறது. பிரிண்டர் மை, மண்டபத்துக்கு எட்டாத வைஃபை போன்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணே, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பூட்ஸ்ட்ராப் என்கிற இலவச நூலகத்தின் 4-ஆம் பதிப்பில் செய்தது. மஞ்சள் பட்டன், குங்குமச் சிவப்பு மெனு. திருவிழா நெருங்குகிறதே என்று 5-க்கு மாற்றினேன். பட்டன் எல்லாம் நீலமாகிவிட்டது, கைப்பேசியில் மெனு திறக்கவே இல்லை, உபயக்காரர் பட்டியல் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தலைவர் தினமும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்கிறார். என்ன செய்வது?
*– சுங்கை சிப்புட் வாசகர்*

தம்பி, முதல் வேலையாகப் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றிவிடுங்கள். தீமிதிக்கு ஆள் பதிவு நடக்கிற நேரத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. திருவிழா முடிந்து, கணக்கு வாசித்து, பந்தல் பிரித்த பிறகு நிதானமாக உட்காரலாம்.

நீங்கள் ஒரே கோளாறு என்று நினைப்பது மூன்று தனித்தனிக் கோளாறு. மெனு திறக்காததற்கும் அலங்காரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பூட்ஸ்ட்ராப் 4-இல் மெனு பட்டனில் 'டேட்டா-டாகிள்' என்று எழுதுவோம். 5-இல் அது 'டேட்டா-பிஎஸ்-டாகிள்' ஆகிவிட்டது, 'டேட்டா-டார்கெட்' என்பதும் அப்படியே நடுவில் 'பிஎஸ்' சேர்த்துக்கொண்டது. பழைய பெயரைப் புதிய நிரல் கண்டுகொள்ளாது, அவ்வளவுதான். பட்டியல் ஓரத்தில் ஒட்டியது இரண்டாவது. இடப்பக்க இடைவெளிக்கு 'எம்எல்-4' என்று கிளாஸ் (அலங்காரத்தை ஒட்டுவதற்காக உறுப்புக்கு வைக்கும் பெயர்) போட்டிருப்பீர்கள், 5-இல் 'எல்', 'ஆர்' இரண்டையும் எடுத்துவிட்டு தொடக்கம், முடிவு என்ற பொருளில் 'எஸ்', 'இ' என்று வைத்துவிட்டார்கள், ஆகவே அது இப்போது 'எம்எஸ்-4'. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காகச் செய்த மாற்றம் இது. ஜாவியில் (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) தளம் செய்பவர்களுக்குக் கொண்டாட்டம், நமக்குத் தேடி மாற்றுகிற வேலை. இதேபோல 'ஃபான்ட்-வெயிட்-போல்ட்' என்பது 'எஃப்டபிள்யூ-போல்ட்' ஆனது, 'டெக்ஸ்ட்-லெஃப்ட்' என்பது 'டெக்ஸ்ட்-ஸ்டார்ட்' ஆனது, ஜம்போட்ரான் அடியோடு போய்விட்டது. முழுப் பட்டியலும் அவர்களுடைய இடமாற்றக் குறிப்பில் இருக்கிறது. அதைப் படிக்காமல் யாரும் முதல் எண் மாறுகிற பதிப்புக்குப் போகக் கூடாது.

மூன்றாவதுதான் உங்கள் மஞ்சள். கடிதத்தில் சொல்லாவிட்டாலும் தெரிகிறது, பூட்ஸ்ட்ராப்பின் சிஎஸ்எஸ் கோப்பையே (நிறம், அளவு எல்லாம் எழுதி வைத்த கோப்பு) திறந்து அதற்குள் நிறத்தை மாற்றியிருக்கிறீர்கள். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவரில் நாம் என்ன சாயம் அடித்தாலும் நிர்வாகம் அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது போய்விடும், நாம் மாட்டிய திரைச்சீலை மட்டும் அப்படியே இருக்கும். அந்தக் கோப்பு அவர்களுடைய சுவர். புதுக் கோப்பு வந்து பழையதன் மேல் உட்கார்ந்ததும் உங்கள் மஞ்சள் போனது.

மாற்றியதெல்லாம் இப்போது நினைவில் இருக்காது, சரி. மீட்க வழி உண்டு. நீங்கள் கைவைத்த பழைய கோப்பைத் திறந்தால் உச்சியில் குறிப்பு வரியில் பதிப்பு எண் இருக்கும். அதே எண்ணுள்ள, யாரும் கைவைக்காத அசல் கோப்பை இறக்கி, விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் செயலியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் வித்தியாசம் காட்டுகிறதோ அதெல்லாம் உங்கள் கைவேலை. கோப்பு ஒரே வரியாகச் சுருக்கப்பட்டதாக இருந்தால் இரண்டையும் முதலில் விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முழுக் கோப்புமே ஒரே வித்தியாசமாகத் தெரியும். கிடைத்த வித்தியாசங்களைத் தனிக் கோப்பில் எழுதி, பூட்ஸ்ட்ராப்புக்குப் பிறகு அதை ஏற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி: 'தலைவர் கேட்டார்' என்றாவது எழுதி வையுங்கள். அடுத்த பதிப்பில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அந்த வரிதான் சொல்லும்.

இங்கே ஒரு வலை இருக்கிறது, பலர் விழுகிறார்கள். 5-இல் நிறங்களுக்கு மாறிகள் (ஒரு பெயரில் எழுதி வைத்து வேண்டிய இடத்தில் எடுத்துக்கொள்ளும் மதிப்புகள்) இருக்கின்றன, 'பிஎஸ்-பிரைமரி' என்ற மாறியை மஞ்சளாக்கினால் போதும் என்று நினைத்து மாற்றுவார்கள், பட்டன் மட்டும் நீலமாகவே முறைத்துக்கொண்டு நிற்கும். காரணம், 5.2-இலிருந்து பட்டனுக்கென்றே தனி மாறிகள் இருக்கின்றன, பிரைமரி பட்டனில் அந்த மாறிகளுக்குள் நிற எண் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது, பொது மாறியை அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் கோப்பில் பிரைமரி பட்டன் கிளாஸுக்குள் 'பிஎஸ்-பிடிஎன்-பிஜி', அதன் ஓர நிறம், விரல் வைக்கும்போது வரும் நிறம், அழுத்தும்போது வரும் நிறம், எழுத்து நிறம் ஐந்தையும் எழுதுங்கள். எழுத்து நிறத்தை விட்டுவிடாதீர்கள். மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து பாட்டிமார் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது அணுகல் வழிகாட்டியின் கணக்கு, கருஞ்சிவப்பு எழுத்து வைத்தால் கணக்கும் சரி, கோயிலுக்கும் பொருத்தம். சாஸ் (சிஎஸ்எஸ்ஸை உண்டாக்கும் மொழி) கொண்டு நீங்களே தொகுக்கத் தெரிந்தவர் என்றால் பிரைமரி நிறத்தை அங்கேயே மாற்றிவிடலாம், எழுத்து நிறத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், பட்டன் பிரச்சினையே வராது.

ஐயா, நூலகத்தின் அலங்காரத்துக்கு மேல் நான் எழுதுகிற எதுவும் பிடிப்பதில்லை, ஒவ்வொரு வரிக்கும் 'இம்பார்ட்டன்ட்' (மற்றதை மீறு என்ற குறி) போட வேண்டியிருக்கிறது. இப்போது அதற்கும் மேல் ஒன்று தேவைப்படுகிறது. வேறு வழி இல்லையா?
*– கோலகங்சார் வாசகர்*

இருக்கிறது. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுப் போவோம். ஒரே பட்டனுக்கு இரண்டு பேர் நிறம் சொன்னால் உலாவி எடை பார்க்கிறது. ஐடி (ஒரே உறுப்புக்கு உரிய பெயர்) கனமானது, கிளாஸ் அதற்கு அடுத்து, வெறும் குறிச்சொல் லேசானது. நூலகத்துக்காரர் மூன்று கிளாஸ் சேர்த்து எழுதியிருப்பார், நீங்கள் ஒரே கிளாஸில் எழுதியிருப்பீர்கள், கடைசியில் எழுதியது என்பதால் ஜெயிக்காது. நீங்கள் நான்கு கிளாஸ் எழுதி ஜெயிக்கலாம், அடுத்த பதிப்பில் அவர் ஒன்றைக் கூட்டினால் திரும்பத் தோற்பீர்கள். இந்தச் சண்டைக்கு முடிவே இல்லை.

2022 மார்ச்சுக்குள் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் 'லேயர்' என்ற வசதி வந்துவிட்டது. நூலகத்தின் சிஎஸ்எஸ்ஸை 'இம்போர்ட்' வரி போட்டு ஒரு லேயருக்குள் அடைத்துவிடுங்கள், உங்களுடையதை லேயருக்கு வெளியே விடுங்கள். வெளியே இருப்பதுதான் ஜெயிக்கும், எடை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. நான்கு கிளாஸ், ஐந்து கிளாஸ் கூத்தெல்லாம் அதோடு முடிந்தது. வழக்கமான 'லிங்க்' குறிச்சொல்லில் இதைச் செய்ய முடியாது, இம்போர்ட்தான், அதுவும் கோப்பின் தலைப்பகுதியில்.

இதில் ஒரே ஒரு விஷயம் தலைகீழ். இம்பார்ட்டன்ட் போட்ட வரிகளுக்கு இந்த வரிசை அப்படியே புரண்டுவிடும்: லேயருக்குள் இருக்கும் இம்பார்ட்டன்ட், வெளியே இருக்கும் உங்கள் இம்பார்ட்டன்ட்டைத் தோற்கடிக்கும். பூட்ஸ்ட்ராப்பின் இடைவெளி கிளாஸ்கள் எல்லாமே இம்பார்ட்டன்ட்டோடு வருபவை, ஆகவே லேயர் போட்ட மறுநாளே 'நேற்று வரைக்கும் வேலை செய்ததே' என்று எனக்கு எழுதாதீர்கள். உங்களுக்கு இம்பார்ட்டன்ட் தேவைப்படுகிற நாலைந்து வரியை மட்டும் இன்னொரு லேயரில் போட்டு, அதை நூலகத்தின் லேயருக்கு முன்னால் அறிவியுங்கள். இம்பார்ட்டன்ட் விஷயத்தில் முதலில் அறிவித்ததுதான் ஜெயிக்கும்.

சார், நான் பாலிடெக்னிக் மாணவன். இன்ஸ்பெக்ட் செய்து பட்டனின் கிளாஸ் பெயரை எடுத்து (எழுத்தும் எண்ணும் கலந்து ஏதோ இருந்தது) அதற்கு நிறம் கொடுத்தேன். மறுநாள் பில்ட் செய்ததும் போய்விட்டது. எம்யூஐ என்ற நூலகம் உபயோகிக்கிறேன்.
*– ஈப்போ வாசகர்*

அந்தப் பெயர் உங்களுக்காக வைத்தது இல்லை தம்பி. எமோஷன் என்கிற கருவி, பட்டனின் அலங்காரத்தைக் கணக்குப் போட்டு ஒரு பெயரை உண்டாக்குகிறது. அலங்காரத்தில் எங்கோ ஒரு புள்ளி மாறினாலும் பெயர் மாறிவிடும். அதே பட்டனில் 'முய்பட்டன்-ரூட்' என்று இன்னொரு கிளாஸும் இருக்கும் பாருங்கள், அது ஆவணத்தில் எழுதி வைத்த பெயர், வெளியாட்கள் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர்களே கொடுத்தது. அதைவிட நல்லது, தீம் கோப்பில் 'காம்பொனன்ட்ஸ்' என்ற பகுதியில் 'ஸ்டைல் ஓவர்ரைட்ஸ்' என்று எழுதுவது. தளம் முழுக்க ஒரே இடத்தில் மாறும்.

எம்யூஐயின் பழைய 4-இலிருந்து வந்தவர்கள் கவனிக்க: இந்த ஓவர்ரைட்ஸ் 2021 செப்டம்பரில் வந்த 5-இல்தான் காம்பொனன்ட்ஸுக்குள் குடிபெயர்ந்தது, அதே பதிப்பில்தான் உள்ளே இருந்த ஜேஎஸ்எஸ் என்ற அலங்காரக் கருவி போய் எமோஷன் வந்தது. உங்கள் சொந்த சிஎஸ்எஸ் கோப்பும் வேண்டும், எம்யூஐயும் வேண்டும் என்றால் 'இன்ஜெக்ட் ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பை இயக்குங்கள், அவர்களுடைய அலங்காரம் முதலில் இறங்கும், உங்களுடையது பிறகு.

உள்ளே கைவிட்டுப் பிடித்தவர்கள் மொத்தமாக அடிவாங்கியது ஆங்குலர் மெட்டீரியல் என்ற இன்னொரு நூலகத்தின் 15-இல், 2022 நவம்பர். வெளியிலிருந்து பார்க்க அதே பட்டன், அதே உள்ளீட்டுப் பெட்டி, உள்ளே எலும்புக்கூடே வேறு. 'மேட்-' என்று தொடங்கிய கிளாஸ் பெயர்கள் பலவும் 'மேட்-எம்டிசி-' என்று ஆகிவிட்டன. பழையதையும் 'லெகசி' என்ற பெயரில் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள், 17-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். நிறத்தைத் தீம் வழியாக மாற்றியிருந்தவர்களுக்கு வேலை குறைவு. 'என்ஜி-டீப்' போட்டு உள்ளே தோண்டியவர்களுக்குத்தான் கோப்பு கோப்பாகத் திருத்த வேண்டியதாயிற்று.

அது சரி, சில கூறுகளுக்குள் எந்தக் கிளாஸ் எழுதினாலும் போகவே மாட்டேன் என்கிறதே?
*– சிம்மோர் வாசகர்*

அது ஷேடோ டோம். வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், வெளி சிஎஸ்எஸ் உள்ளே நுழையாது. இரண்டு வழி திறந்திருக்கும்: மாறிகள் வேலியைத் தாண்டி உள்ளே போகும், 'பார்ட்' என்று பெயர் கொடுத்து வைத்த உறுப்புகளை வெளியிலிருந்து தொடலாம். இரண்டுமே ஆவணத்தில் இல்லையென்றால் அந்தக் கூறை மாற்ற முடியாது, வேறு கூறு பாருங்கள்.

வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தளத்தில் பதிவுப் படிவம் போட்டிருக்கிறோம். பட்டனில் எழுத்தின் கால் வெட்டுப்படுகிறது, 'பூ', 'மூ' எல்லாம் பாதிதான் தெரிகிறது. மலாயில் மாற்றினால் சரியாக இருக்கிறது. தமிழுக்கு மட்டும் ஏன் இப்படி? ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் திரும்ப வருகிறது.
*– ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்*

டீச்சர், இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மற்றவர்கள் நிறத்துக்காக மாற்றுகிறார்கள், இல்லாவிட்டாலும் உலகம் அழியாது. நீங்கள் செய்கிற மாற்றம் இல்லாவிட்டால் பெற்றோர் படிக்கவே முடியாது.

இந்தக் கூறுகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தை வைத்துத்தான் அளவு பார்த்திருப்பார்கள். மலாய்க்கும் அதே எழுத்து, அதனால் பொருந்துகிறது. நம் எழுத்தில் மேலே கொக்கி போகிறது, கீழே சுழி இறங்குகிறது. பட்டனுக்கு உயரம் இத்தனை புள்ளி என்று அறைந்து, வரி உயரத்தை 1 என்று வைத்து, மிஞ்சியதை மறை என்றும் எழுதிவிட்டால் முதலில் போவது 'மூ'வின் வால்தான்.

செய்ய வேண்டியது: பக்கத்தின் தொடக்கத்தில் மொழி தமிழ் என்று, 'லாங்' பண்பில் 'டிஏ' என்று, குறித்திருக்கிறதா பாருங்கள். பல தளங்களில் வார்ப்புருவோடு வந்த 'இஎன்' அப்படியே கிடக்கும். அதை மாற்றியபின், சிஎஸ்எஸ்ஸில் தமிழ் மொழிப் பகுதிக்கு மட்டும் பிடிக்கிற தேர்வியோடு எழுதலாம்: பட்டனுக்கு உயரம் நிலையாக வேண்டாம், குறைந்தபட்ச உயரம் போதும், வரி உயரம் 1.5 அல்லது அதற்கு மேல், எழுத்திடைவெளி பூஜ்யம். மெட்டீரியல் வகைப் பட்டன்களில் எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கூட்டித்தான் வருகிறது, ஆங்கிலத்தில் பார்க்க லட்சணம், தமிழில் சொல் சொல்லாக இல்லாமல் எழுத்து எழுத்தாகப் பிரிந்து நிற்கும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கு என்ற கட்டளையும் அதில் உண்டு. தமிழுக்கு அது ஒன்றும் செய்யாது, பக்கத்தில் இருக்கிற மலாய்ச் சொல் மட்டும் கத்துவதுபோல் தெரியும், அதையும் எடுத்துவிடுங்கள். அகலத்தையும் கவனியுங்கள், மலாயில் 'ஹந்தார்' என்று முடிகிற பட்டன் நமக்குச் 'சமர்ப்பிக்கவும்' என்று நீள்கிறது. 'அனுப்பு' என்று வைத்தால் தப்பில்லை, நான் அதைத்தான் வைப்பேன்.

புதுப்பிக்கும்போது திரும்ப வருகிறதே என்றீர்கள். எழுத்துரு ஒரு காரணமாக இருக்கலாம். எழுத்துருவைக் குறிப்பிடாவிட்டால் அந்தந்தக் கருவியில் இருப்பது வரும்: விண்டோஸில் நிர்மலா யுஐ, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, ஆப்பிளில் நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ்ச் சங்கம் எம்என். ஒவ்வொன்றுக்கும் மேல்கீழ் அளவு வேறு. உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தது பெற்றோர் கைப்பேசியில் வெட்டுப்படுவது இதனால்தான். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவச உரிமம் உள்ளது, அதைத் தளத்திலேயே வைத்துப் பரிமாறுங்கள், எல்லோருக்கும் ஒரே உயரம் கிடைக்கும்.

நாட்காட்டி போட்டிருந்தால் வாரநாள் தலைப்பையும் ஒருமுறை பாருங்கள். சில நாட்காட்டிகள் நாளின் பெயரில் முதல் குறியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு அது ஓர் எழுத்து. தமிழில் கொம்பும் சுழியும் தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுவதால் செவ்வாயும் சனியும் 'ச' ஆகும், வியாழனும் வெள்ளியும் 'வ' ஆகும், திங்கள் 'த' ஆகும். இதை அலங்காரத்தால் சரி செய்ய முடியாது. மொழி அமைப்பில் நீங்களே ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதிக் கொடுக்க இடம் இருக்கும், அங்கே போய் எழுதுங்கள்.

தீபாவளிப் பலகார வியாபாரம். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. தளம் வேர்ட்பிரஸில், கடை வூகாமர்ஸில். தீமுக்குள் போய் மாற்றியது எல்லாம் அப்டேட்டில் போய்விட்டது, மகன் 'சைல்ட் தீம்' என்கிறான், உண்மையா?
*– சாலாக் வாசகி*

மகன் சொல்வது சரி அக்கா. சைல்ட் தீம் என்பது தனி ஃபோல்டர், அதன் ஸ்டைல் கோப்பின் தலையில் 'டெம்ப்ளேட்' என்று போட்டுத் தாய்த் தீமின் ஃபோல்டர் பெயரை எழுதினால் போதும், தாய் புதுப்பித்தாலும் பிள்ளை அப்படியே இருக்கும். நிறம் மட்டும்தான் என்றால் கஸ்டமைசரில் 'அடிஷனல் சிஎஸ்எஸ்' பெட்டியிலேயே எழுதலாம், அது தரவுத்தளத்தில் உட்காரும், தீம் அப்டேட் அதைத் தொடாது. ஆனால் வேறு தீமுக்கே மாறினால் அங்கே அது வராது, முன்னதாக நகல் எடுத்து வையுங்கள்.

வூகாமர்ஸ் பக்கங்களை நகலெடுத்துச் சைல்ட் தீமுக்குள் வைத்து மாற்றியிருந்தால் அது வேறு சங்கதி. நகல் அழியாது, பழசாகிவிடும். வூகாமர்ஸ் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தின் அடியில் எந்த நகல் பழையது என்று சிவப்பில் காட்டும். தீபாவளி ஆர்டர் குவிவதற்கு முந்தியே அதைப் பார்த்துவிடுங்கள், பணம் கட்டும் பக்கம் அந்தப் பட்டியலில் இருந்தால் அன்றே சரி செய்யுங்கள்.

எதற்கு இந்த வம்பு? ஓடுகிற வரை ஓடட்டும் என்று புதுப்பிக்காமலே விட்டால் என்ன?
*– கூட்டுறவுக் கடைக் கணக்கர், லிந்தாங்*

பாதி சரி. திறப்பு நேரம், தொலைபேசி எண், நாலு படம் மட்டும் உள்ள பக்கத்துக்கு ஒவ்வொரு பதிப்பையும் துரத்த வேண்டியதில்லை, நானும் துரத்துவதில்லை. உங்கள் தளத்தில் உறுப்பினர் உள்நுழைகிறார்கள், பங்குத் தொகை தெரிகிறது என்றால் கதை வேறு. ஜேகுவெரி என்ற நூலகத்தில் 2020 ஏப்ரலில் வந்த 3.5.0-க்கு முந்தைய பதிப்புகளில் வெளியாள் நிரலைப் புகுத்தும் ஓட்டை இருந்தது. பூட்ஸ்ட்ராப்பில் குறிப்புப் பெட்டி வழியாக அதே மாதிரி ஓட்டை, 2019-இல் 4.3.1-லும் 3.4.1-லும் அடைத்தார்கள். பூட்ஸ்ட்ராப் 4-க்கு 2023 ஜனவரி 1-ஓடு ஆதரவே முடிந்துவிட்டது. இனி ஓட்டை வந்தால் அவர்கள் அடைக்க மாட்டார்கள்.

புதுப்பிக்க மாட்டேன் என்கிற பலருடைய தளம் அவர்களுக்குத் தெரியாமலே தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும், அதுதான் வேடிக்கை. நூலகக் கோப்பை வெளிச் சர்வரிலிருந்து நேரே எடுக்கும் சிடிஎன் முகவரியில் பதிப்பு எண் போடாமல் விட்டால் இன்றைக்கு எது புதுசோ அது வரும், ராத்திரி தூங்கி எழுந்தால் வேறு தளம். என்பிஎம் என்ற நிறுவும் கருவி வழியாக எடுப்பவர்களுக்கு எண்ணின் முன்னால் ஒரு கூரைக் குறி (^) இருக்கும், 4.2.1-க்கு முன்னால் அது இருந்தால் 5-க்குக் கீழே எது வந்தாலும் எடுத்துக்கொள் என்று பொருள். பதிப்பு எண்களைப் பூட்டி வைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பைத் தூக்கி எறியாதீர்கள், சர்வரில் 'என்பிஎம் சிஐ' என்று நிறுவுங்கள், லாக்கில் உள்ளது மட்டும் அப்படியே வரும்.

நடு எண்தானே மாறுகிறது, ஒன்றும் உடையாது என்றும் நம்பிவிடாதீர்கள். அந்த எண் முறை வாக்குக் கொடுப்பது அவர்கள் ஆவணத்தில் சொன்ன வெளி வாசல்களுக்குத்தான். உள்ளே ஒரு டிவ் பெட்டி கூடியது, ஒரு கிளாஸ் பெயர் மாறியது என்பதெல்லாம் அவர்கள் பார்வையில் சின்னத் திருத்தம். நீங்கள் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் அது அவர்களுக்குத் தெரியாது.

புதுப்பித்த பிறகு என்னென்ன கலைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் தளத்தில் நிறைய பக்கம்.
*– தஞ்சோங் ரம்புத்தான் வாசகர்*

எல்லாப் பக்கத்தையும் பார்க்காதீர்கள். யாருக்கும் காட்டாத ஒரு மாதிரிப் பக்கம் செய்து, நீங்கள் உபயோகிக்கிற ஒவ்வொரு கூறையும் அதில் ஒருமுறை வையுங்கள்: சாதாரண பட்டன், முடக்கிய பட்டன், பிழை காட்டும் பெட்டி, திறந்த மெனு, நீளமான தமிழ்ப் பெயர் உள்ள பட்டியல். குறுகிய பெயரை வைத்துச் சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். 'தேசிய வகை' என்று தொடங்கி ஒரு பள்ளியின் முழுப் பெயரையும் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி. புதுப்பிக்குமுன் கைப்பேசி அகலத்தில் ஒன்று, கணினி அகலத்தில் ஒன்று படம் பிடித்து, பிறகு மறுபடி பிடித்து ஒப்பிடுங்கள்.

நிரல் எழுதுபவர் என்றால் பிளேரைட் என்ற சோதனைக் கருவி இதைத் தானாகச் செய்யும். முதல் ஓட்டத்தில் படத்தைச் சேமிக்கும், அடுத்த ஓட்டங்களில் வித்தியாசம் இருந்தால் தோல்வி என்று சொல்லும். படங்களை எப்போதும் ஒரே கணினியில் எடுங்கள். இல்லாவிட்டால் எழுத்துரு வேறுபட்டு ஒன்றுமே உடையாதபோதும் கூப்பாடு போடும், அப்புறம் உண்மையாக உடையும்போது நீங்கள் கண்டுகொள்ள மாட்டீர்கள்.

கடைசிக் கேள்வி அண்ணே. தேதிப் பெட்டிக்குள் நான் மாற்ற வேண்டியதற்கு மாறியும் இல்லை, பார்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நூலகத்தையே நகலெடுத்து என் சொந்தப் பதிப்பாக வைத்துக்கொள்ளவா?
*– கோலகங்சார் வாசகர், மற்றொருவர்*

என்ன மாற்றப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே. மூலையின் வளைவும் நிழலும் என்றால் விட்டுவிடுங்கள், வந்து பார்க்கிறவர் தேதியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவார். நாள் எண் தெரியவில்லை, விரலுக்குக் கட்டம் சிக்கவில்லை என்பது போன்ற காரியம் என்றால் சரி, செய்துதான் ஆக வேண்டும்.

முழு நகல் வேண்டாம். நகலெடுத்த அன்றிலிருந்து அந்த நூலகத்தின் எல்லாப் பிழைகளுக்கும் நீங்கள்தான் பொறுப்பாளி. 'பேட்ச்-பேக்கேஜ்' என்று ஒரு கருவி இருக்கிறது. நூலகங்கள் நிறுவப்பட்டிருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் போய் வேண்டிய இரண்டு வரியை மட்டும் மாற்றி, கருவியை ஓட்டினால் அந்த வித்தியாசத்தை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து வைக்கும், கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். நிறுவலுக்குப் பின் தானாக ஓடும்படி பேக்கேஜ் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால், ஒவ்வொரு முறை நிறுவும்போதும் அதை ஒட்டிவிடும். புதுப் பதிப்பில் அந்த வரிகளே மாறியிருந்தால் சத்தமில்லாமல் விழுங்காது, ஒட்ட முடியவில்லை என்று பிழை காட்டும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அதோடு அந்த நூலகத்தின் கிட்ஹப் பக்கத்தில் இந்த இடத்துக்கு ஒரு மாறி கொடுங்கள் என்று, ஏன் தேவை என்பதற்குப் படத்தோடு, கேட்டுப் பாருங்கள். உடைந்த ஆங்கிலம் பரவாயில்லை, படம் இருந்தால் புரிந்துகொள்வார்கள். ஏற்றுக்கொண்டால் அது வருகிற பதிப்பில் பேட்ச் கோப்பை அழித்துவிட்டு உங்கள் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதுங்கள். அதுவரை பதிப்பு எண்ணை முன்னால் கூரைக் குறி இல்லாமல் எழுதி வையுங்கள்.